உள்ளங்கை மோட்டாரின் இரைச்சல்

என் கணவருக்கு மோட்டார் காயில் கட்டும் தொழில். பாலக்காட்டு எல்லையில், மீனாட்சிபுரம் சாலையில் கடை. பெருமாட்டிப் பக்கத்துத் தோப்புகளில் எந்தக் கிணற்று மோட்டார் புகைந்தாலும் கழற்றி வண்டியில் ஏற்றி அவரிடம்தான் கொண்டுவருவார்கள். இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய மோட்டாரைக்கூட ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “பேரிங் போயிருச்சுங்க” என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷனை உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மோட்டார் பல மாதம் ஆட்டி வைத்தது. அவரோடு சேர்ந்து நானும் ஆடினேன் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

எல்லாம் கொச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்ததில் ஆரம்பித்தது. தங்கியிருந்த லாட்ஜின் வரவேற்பறையில் கடல் மீன் தொட்டி ஒன்று இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடக் கூப்பிட்டு ஆள் அனுப்பியும் இவர் அதன் முன்னால் இருந்து நகரவில்லை. ஊர் திரும்பியதும் கோயமுத்தூரில் ஒரு கடையைக் கண்டுபிடித்து, அந்தக் கடைக்காரரோடு தினமும் போனில் பேச்சு. பிறகு ஒரு நாள் என்னைக் கேட்காமலே ஆசாரி வந்து ஹாலை அளந்தார். எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பொன்னானி வரை போக வேண்டும். “அதுக்குத்தான் புள்ள, நம்மூட்டுலயே வெச்சுக்கறோம்” என்றார்.

மேலே பெரிய கண்ணாடித் தொட்டி. அதைத் தாங்கும் மர அலமாரிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி. மேலே நிரம்புகிற உப்புத் தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழே இறங்கும். கீழே வடிகட்டிச் சுத்தமானதும், தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் அந்த உள்ளங்கை மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றும். இது நிற்காமல் நடக்க வேண்டும். நின்றால் மீனுக்கு மூச்சு இருக்காது. கடைக்காரர் தன்னுடைய பழைய தொட்டியில் வெகுநாள் ஊறிய கற்களைத் தந்திருந்தார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி, மஞ்சளாக ஒன்று என்று மீன்கள் வந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அலமாரி எங்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டி நின்றது.

நான் பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறேன். விடியும் முன்னே போய்ப் பால் அளந்து, கொழுப்புப் பார்த்து, கணக்கு முடித்து வீடு வருவேன். சமையல் முடித்துச் சாப்பிட்டு, சாயங்காலம் பொழுதோடு மறுபடி பால் எடுக்கப் போகும்வரை ஒரு தூக்கம் போடுவேன். அந்தத் தூக்கம் இல்லையென்றால் நான் மனுஷியே இல்லை. தொட்டி ஓட ஆரம்பித்த முதல் நாள் மத்தியானம் தலையணையில் காதை வைத்ததும் கட்டிலே ம்ம்ம் என்றது. எழுந்து உட்கார்ந்தால் குறைவு, படுத்தால் அதிகம். சத்தம் காற்றில் வரவில்லை. தரை வழியாக வந்து, சுவரில் ஏறி, கட்டில் கால் வழியாக என் காதுக்கு வந்துகொண்டிருந்தது. இதோடு இளநீரின் அடியை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி இறங்குகிற குழாயின் கரகரப்பு வேறு.

“ஏனுங்க, இதுல படுத்து எப்படிங்க தூங்கறது?” என்று கேட்டேன்.

“புது மோட்டாரு, ஓடி ஓடிப் பழகிரும்” என்றார்.

பழகவில்லை. நான் தினமும் முணுமுணுத்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்து உட்கார்ந்தார். அந்த மோட்டாருக்கு அடியில் நாலு சின்ன ரப்பர் பாதங்கள் இருந்தன. அவற்றைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார். “இது ஆட்டம் குடுக்குது. மோட்டார்ன்னா அடி அசையாம இருக்கோணும்” என்றார். கிணற்று மோட்டாருக்குக் கான்கிரீட் கட்டி போல்ட் அடிக்கிற கை அல்லவா? ஒரு பிளாஸ்டிக் பலகையைக் கீழ்த்தொட்டியின் உள்ளே அடியில் ஒட்டி, நைலான் போல்ட் போட்டு மோட்டாரை அதில் இறுக்கினார். சுவிட்சைப் போட்டதும் மொத்த அலமாரியும் உறுமியது. கதவில் இருந்த கைப்பிடி கிடுகிடுவென்று ஆடிற்று. இன்னும் இறுக்கினார். இன்னும் உறுமியது. அலமாரி உள்ளே காலியாக, உடுக்கை மாதிரி இருந்தது. அந்த உடுக்கையை இருபத்துநாலு மணி நேரமும் அடிக்க ஒரு ஆளை உள்ளே உட்கார வைத்துவிட்டு, “இப்பப் பரவால்ல பாரு” என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

இந்தச் சமயத்தில்தான் என் மாமனாருக்குக் காது மெஷின் வந்தது. அவருக்குக் காது மந்தமாகி வெகுநாள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவரைப் பொள்ளாச்சியில் இருக்கும் அவர் மகள் வம்படியாகக் கூட்டிப்போய் மாட்டிவிட்டு அனுப்பினாள். வீட்டுக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றார்.

“அம்மிணி, மோட்டார் ஓடிட்டே இருக்குது. யாரும் கண்டுக்க மாட்டீங்கறீங்க?”

“அது கெணத்து மோட்டார் இல்லீங்க மாமா, மீன் தொட்டிதுங்க.”

“மீனுக்கு எதுக்கு மோட்டாரு?”

விளக்கினேன். தலையாட்டினார். மறுநாள் காலையில் மறுபடி அதே கேள்வி. எங்கள் பக்கம் கோடையில் கிணறு அடியோடு வற்றிவிடும். தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் காயில் கருகிவிடும் என்ற பயத்தோடே வாழ்நாள் முழுவதும் இருந்தவர் அவர். கனவிலும் எழுந்துபோய் மோட்டாரை நிறுத்துகிறவர். பாவம், பல வருஷத்துக்குப் பிறகு காது திறந்ததும் உள்ளே நுழைந்த சத்தம் அந்த ஒன்றுதான். பொள்ளாச்சிப் பேத்தி போனில் பேசுவது கேட்டதா, தோப்பில் மயில் அகவுவது கேட்டதா? எல்லாவற்றுக்கும் மேலே ம்ம்ம்.

அந்த விபரீதம் நடந்த நாளில் என் கணவர் ஒரு மோட்டாரை எடுத்துவரக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போயிருந்தார். நான் சொசைட்டியில். மாமனார் தோப்புக்குப் போய்க் கிணற்று மோட்டாரின் பியூஸைப் பிடுங்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்தால் சத்தம் நிற்கவில்லை. வேறு எங்கோ ஓடுகிறது என்று நினைத்து வீட்டு மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டு, நிம்மதியாகச் சீட்டு விளையாடக் கோவில் மரத்தடிக்குப் போய்விட்டார்.

நான் வெயிலில் வந்து கதவைத் திறந்தேன். எதுவோ நன்றாக இருந்தது. என்ன என்று புரியச் சற்று நேரமாயிற்று: வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் ஒரு வாய் நிம்மதியைக்கூட முழுங்கவில்லை, அதற்குள் தொட்டியைப் பார்த்துவிட்டேன். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மஞ்சள் மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. சுவிட்சைத் தட்டினேன், ஒன்றும் இல்லை. கரண்ட் இல்லை போலிருக்கிறது என்று எண்ணி, சொம்பை எடுத்துத் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்தில் இருந்து திரும்ப ஊற்றினேன். மொண்டு மொண்டு ஊற்றினேன். தோள் கழன்றது. சேலை முழுக்க உப்புத் தண்ணீர். எதிர்வீட்டில் ஃபேன் சுற்றுவது ஜன்னல் வழியே தெரிந்த பிறகுதான் மெயினைப் போய்ப் பார்க்கத் தோன்றியது.

ஜோடி மீன்கள் பிழைத்தன. மஞ்சள் மீன் பிழைக்கவில்லை.

என் கணவர் வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே கத்தினார். “எதுக்குங்கப்பா மெயினை எறக்குனீங்க? ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?”

“காயில் போயிருமேன்னு எறக்குனேன். நீதானே நாளைக்கு ஒக்காந்து கட்டோணும்” என்றார் மாமனார்.

இவர் வந்த வண்டியிலேயே கடைக்குத் திரும்பிப் போய்விட்டார். அப்பாவும் மகனும் பேசுவதை நிறுத்தினார்கள். மாமனார் காது மெஷினைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார். “அதைய மாட்டுனா வம்புதான் வருது” என்றார். மறுபடி நான் ஒரு காபிக்கு நாலு முறை கத்த வேண்டியதாயிற்று. ஒருவர் காது கேட்க மாட்டேன் என்கிறார், ஒருவர் வாய் திறக்க மாட்டேன் என்கிறார், நடுவில் அந்த மோட்டார் மட்டும் வாய் மூடாமல் பேசிக்கொண்டிருக்கிறது. இதில் நான் தூங்கவும் வேண்டும்.

இனி இவரை நம்பிப் பயனில்லை என்று அடுத்த விடுமுறை நாளில் நானே பக்கத்தில் உட்கார்ந்தேன். “அக்கட்டால போ, உனக்கு என்ன தெரியும்” என்றார். போகவில்லை.

முதலில் மோட்டாரைப் பலகையில் இருந்து கழற்றிப் பிரித்தார். உள்ளே சுற்றுகிற சின்னச் சக்கரத்தில் வெள்ளையாக உப்பும் சுண்ணாம்பும் படிந்திருந்தது. வினிகரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். பிறகு மேலே போகும் நீளக் குழாயைச் சேர்க்காமல், ஒரு துண்டுக் குழாயை மட்டும் செருகிக் கீழ்த்தொட்டிக்குள்ளேயே ஓடவிட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. அந்த நேரத்தில் வாசலில் யாரோ மோட்டாரோடு வந்து கூப்பிட்டார்கள். “இதைச் சித்த நேரம் புடிச்சுக்க” என்று சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். நான் துண்டுக் குழாயைப் பிடித்தபடி, மோட்டாரைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டுக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வாசலில் ஊர் நாயம் பேசி முடிக்கிற வழியைக் காணோம்.

அப்போதுதான் கவனித்தேன். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் பீச்சுகிறது, சத்தம் இல்லை. விரலில் லேசான துடிப்பு மட்டும் இருந்தது. மெதுவாக இறக்கித் தொட்டியின் அடியில் வைத்தேன், ம்ம்ம் என்றது. தூக்கினேன், நின்றது. வைத்தேன், ம்ம்ம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மோட்டார் ஒன்றும் கத்தவே இல்லை. அது தொட்டுக்கொண்டிருக்கிற எல்லாம் கத்தியிருக்கிறது.

உள்ளே வந்தவரிடம் தூக்கியும் வைத்தும் காட்டினேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

“அந்த ரப்பர் காலைப் புடுங்கிப் போட்டீங்களே, எங்கீங்க?”

“குப்பையில போட்டதெல்லாம் இப்ப இருக்குமா” என்று முணுமுணுத்தார்.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை அடியில் வைத்துப் பார்த்தோம். அமைதியாகத்தான் இருந்தது, ஆனால் சில நாளில் ஊறிப் பிய்ந்து தண்ணீரில் மிதக்க ஆரம்பித்தது. அது மட்டுமில்லை, மேலே போகிற கெட்டியான பிளாஸ்டிக் குழாயைச் சேர்த்த உடனே பாதிச் சத்தம் திரும்ப வந்தது. அடியை மெத்தென்று வைத்தால் குழாய் வழியாக ஏறுகிறது. அந்தக் குழாய் அலமாரியின் முதுகில் போட்ட ஓட்டையில் உரசியபடி போகிறது. பலகை அதை வாங்கிச் சுவருக்குக் கொடுக்கிறது, சுவர் எனக்குக் கொடுக்கிறது. ஒரு கதவைச் சாத்தினால் இன்னொரு கதவு வழியே வருகிற விருந்தாளி.

இப்படி இருக்கையில் ஒரு நாள் பொழுதோடு சொசைட்டியில் பால் ஊற்ற வந்த ஒருவர் கறவை மெஷினுக்குப் புது டியூப் வாங்கிக் கையில் சுருட்டி வைத்திருந்தார். பால் போகிற டியூப், கண்ணாடி மாதிரித் தெளிவாக, கொழகொழவென்று மெத்தாக இருக்கும். பாலுக்கு ஆகிறது மீனுக்கு ஆகாதா? எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டு, மறுநாள் திரும்பும் வழியிலேயே வாங்கிவிட்டேன். கூடவே மாட்டு மடியில் மாட்டுகிற ரப்பர் குழலும் ரெண்டு.

“இது மாட்டுக்குடா சாமி” என்று தலையில் கை வைத்தார் என் கணவர்.

“மொதல்ல மாட்டிப் பாருங்க, அப்பறம் பேசலாமுங்க.”

கோயமுத்தூர்க் கடைக்காரரிடம் போனில் கேட்டார். அவர், “சிலிக்கான் டியூப்தானுங்க, தாராளமாப் போடுங்க. ஓட்டையச் சுத்தி மரத்துல படாம மட்டும் பாத்துக்குங்க” என்றார். நான் சொன்னால் சந்தேகம், அவர் சொன்னால் வேதம். சரி, போகட்டும். கெட்டிக் குழாயை நடுவில் அறுத்து அந்த டியூபைச் செருகினோம். மிச்சத் துண்டை நீளவாக்கில் கீறி அலமாரி ஓட்டையின் விளிம்பில் பதித்தோம். மாட்டு ரப்பரை வட்டமாக நறுக்கி மோட்டாருக்கு அடியில் வைத்து, போல்ட் இல்லாமல் சும்மா உட்காரவைத்தோம். இறங்குகிற குழாயின் வால்வை மயிரிழை மயிரிழையாக மூடிக்கொண்டே வந்ததில், காற்றும் தண்ணீரும் கலந்து இறங்காமல் குழாய் நிறையத் தண்ணீர் மட்டும் இறங்கி, உறிஞ்சல் சத்தம் நின்றது.

ரெண்டு நாள் சொர்க்கம். மூணாவது நாள் மோட்டார் கிறீச்சிட்டது. நான் அழாத குறை. பார்த்தால், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. அந்தக் காற்று வீசுகிற மாதங்களில் துணி காய்கிற வேகத்தில் தொட்டித் தண்ணீரும் காய்கிறது. கீழ்த்தொட்டியில் மட்டம் இறங்கி, மோட்டார் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஆவியாகப் போவது தண்ணீர்தான், உப்பு போவதில்லை. அதனால் உப்பில்லாத நல்ல தண்ணீரைத் தினமும் ஊற்றி மட்டத்தைக் காக்க வேண்டும். அந்த வேலை யார் தலையில் விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் வீடு அமைதியாயிற்று. மாமனாரிடம் போய் டப்பாவைத் திறந்து நானே காது மெஷினை எடுத்துக் கையில் கொடுத்தேன். மாட்டினார். ஹாலுக்கு நடுவில் நின்று கேட்டார்.

“நிறுத்திப் போட்டீங்களா?”

“ஓடுதுங்கப்பா” என்றார் என் கணவர். அத்தனை நாளுக்குப் பிறகு அப்பாவிடம் பேசிய முதல் வார்த்தை. மாமனார் தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அதுதான் அவர் இடம். நான் உள்ளே போய்ப் படுத்து, கட்டில் பேசாமல் இருந்ததில், பொழுதுபோனது தெரியாமல் தூங்கிச் சொசைட்டிக்குத் தாமதமாகப் போனேன்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எது முடிகிறது?

ஒரு மத்தியானம் மாமனார் கதவைத் தட்டினார். “அம்மிணி, கண்ணாடி தெறிக்குது.”

ஓடிவந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. போய்ப் படுத்தேன். மறுபடி தட்டினார். இந்த முறை எனக்கே கேட்டது: டக். கண்ணாடிக் குச்சியை முறித்த மாதிரி ஒரு சத்தம். என் கணவருக்குப் போன் போனது. கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார், காதை வைத்தார், டக் என்றதும் துள்ளி விலகினார். கண்ணாடி வெடித்தால் மொத்தத் தண்ணீரும் ஹாலில்தான். “தொட்டியக் காலி பண்ணோணும்” என்றார். சொசைட்டிக்குப் போய்ப் பழைய பால் கேன்களை வாங்கிவந்தேன். மீன்கள் ஒரு கேனில், தண்ணீர் பல கேன்களில், கற்கள் ஒரு வாளியில். டார்ச் அடித்துக் கண்ணாடியின் விளிம்பு விளிம்பாகத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

நாங்கள் மூவரும் முழங்கை வரை நனைந்து, ஈரத் தரையில் நின்றுகொண்டிருந்தோம். வாளிக்குள் இருந்து டக் என்றது.

கடைக்காரர் போனில் வெகுநேரம் சிரித்தார். அது ஒரு சின்ன இறாலாம். ஒரு கொடுக்கு பெரிதாக இருக்குமாம். அதைச் சொடுக்கிச் சத்தம் போட்டு இரை பிடிக்குமாம். அவர் தந்த கல்லின் பொந்தில் இருந்துகொண்டே எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. “முன்னாடியே அடிச்சிருக்குமுங்க. மோட்டார் சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது” என்றார்.

நான் வாளியைப் பார்த்தேன். இதற்காகவா இத்தனை பாடுபட்டு வீட்டை அமைதியாக்கினேன்?

எல்லாவற்றையும் திரும்பத் தொட்டியில் விட்ட பிறகு, இறாலைப் பிடித்துக் கடைக்காரரிடமே கொடுத்துவிடலாம் என்று என் கணவர் பிளாஸ்டிக் பாட்டிலில் பொறி செய்தார். அதில் இறால் விழவில்லை, ஜோடி மீனில் ஒன்று விழுந்தது. மாமனார், “அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது, உடு” என்று தீர்ப்பளித்துவிட்டார். தண்ணீர் மட்டம் பார்த்து, வால்வை மறுபடி மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, பழைய நிலைக்கு வர ஒரு வாரம் பிடித்தது. டக் சத்தத்துக்கு என் தூக்கம் ஒருவாறு பழகிக்கொண்டது.

போன வாரம் அப்படித்தான் தூங்கிக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது. மாமனார் கலவரமாக நின்றிருந்தார்.

“அம்மிணி, காத்தால இருந்து அது ஒருக்காகூட அடிக்கல. என்ன ஆச்சுன்னு தெரியலியே.”

எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரெண்டு பேரும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் அசையவில்லை. பால் எடுக்கிற நேரமாகிவிட்டது என்று கண் எரிச்சலோடு கிளம்பினேன். சொசைட்டியில் கூட்டம். தூக்குப் போசிகளோடு வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. கையில் பால் சாம்பிளோடு நான் நிற்கும்போது போன் அடித்தது. என் கணவர்.

“அடிச்சிருச்சு புள்ள. இப்பத்தான். அப்பா உனக்கு ஒடனே சொல்லச் சொன்னாரு.”

வரிசையில் முதல் ஆள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சரிங்க, சந்தோஷமுங்க, வெச்சர்றேனுங்க” என்று சொல்லிப் போனை மேசைக்குள் போட்டு மூடிவிட்டு, அவருடைய பாலை வாங்கி ஊற்றினேன்.